மதிப்பெண்ணும் விருப்பப் பட்டியலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்தை அடுத்து அமைந்துள்ள பேரூர் செட்டியார்பட்டி. அதைச் சூழ்ந்த வட்டாரத்தில் நூற்பாலைகள் உண்டு. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகள் உண்டு. தளவாய்புரத்தில் ஆயத்த ஆடைத் தையல் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் இவ்வூர் வீடுகளில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. 'எவ்வளவு மதிப்பெண்?' என்பது முதல் வினா. 'இந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்?' என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்குச் சான்றிதழைப் பார்த்து விடை கூறிவிடலாம். இரண்டாம் வினாவுக்கு விடை காண முற்படும்போதுதான் பெற்றோர் தடுமாறுகின்றனர்.

அத்தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. மதிப்பெண்ணை வைத்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முறை நம் மாநிலத்தில் எழுபத்தைந்து ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. முறை மாறிய பின்னரும் பழைய முறையின் அச்சம் குடும்பங்களை விட்டு நீங்கவில்லை. துணிந்து எழுத வேண்டிய இடத்தில் தயங்குகிறோம்; எண்ணி எழுத வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆகவே அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது நலம்.

பதினான்கில் ஓர் இடம்

விடுதலை பெற்ற காலத்தில் சென்னை மாகாணத்தில் மருத்துவம், பொறியியல் ஆகிய கல்லூரிகளின் இடங்கள் வகுப்புவாரி ஆணையின்படி பங்கிடப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. அந்தந்தப் பங்குக்குள் மதிப்பெண் முறையே தேர்வு நடைபெற்றது.

இவ்வாணையை எதிர்த்து 1950ஆம் ஆண்டில் இருவர் நீதிமன்றம் சென்றனர். ஒருவர் சீனிவாசன், பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்குக் கருதப்படும் பாடங்களில் அவர் பெற்றது 450க்கு 369. மற்றொருவர் செண்பகம் துரைராசன். 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் அந்த ஆணை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு சூன் மாதத்தில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பிற்பட்டோருக்கு இட ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு வழி பிறந்தது. ஆனால் முஸ்லிம்களுக்கெனத் தனியே இருந்த அந்தப் பதினான்கில் ஓர் இடம் அத்துடன் மறைந்தது.

இவ்வழக்கில் பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. செண்பகம் துரைராசன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. தம் வகுப்புக்குரிய பங்கைக் கொண்டு பார்க்கையில் தமக்கு இடம் கிடைக்காது என்று விசாரித்து அறிந்த அவர், மனுப் போடாமலே விலகிக்கொண்டார். இதனை உச்சநீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. வழக்கின் சரி பிழைகளை ஒருபுறம் வைத்து, இந்த ஒரு செயலை மட்டும் நாம் நினைவில் இருத்திக்கொள்வோம். 'எப்படியும் கிடைக்காது' என்று முன்னரே தீர்மானித்து எழுதாமல் விடுவது எல்லாச் சமுதாயத்திலும் எல்லாக் காலத்திலும் நிகழ்ந்து வருவது. அவர் வழக்காடினார், ஆகையால் வரலாற்றில் இடம் பெற்றார். வழக்காடாமல், விண்ணப்பிக்காமல், வாளாவிருந்துவிட்டவர் எத்துணைப் பேரோ!

ஒரு குழுவுக்கே விண்ணப்பம்

அடுத்த காலகட்டத்தில் அரசு வேறொரு வழியை நாடியது. மருத்துவ இடங்களை மாவட்டந்தோறும் பங்கிட்டது. செட்டியார்பட்டி அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட இன்றைய மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. ஆகவே இவ்வூர் மாணவன் இராமநாதபுரம் மாவட்டத்தாரோடு போட்டியிட வேண்டியவனாக இருந்தான். 1968இல் இராசேந்திரன் வழக்கில் இம்முறையும் செல்லாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் இடம்பெற, அடுத்த மாவட்டத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்பது சமத்துவம் ஆகாது என்பதே காரணம்.

பின்னர் 1970-71ஆம் ஆண்டுச் சேர்க்கையில் மருத்துவக் கல்லூரிகள் ஆறு பிரிவுகளாக்கப்பட்டன. சென்னை நகரக் கல்லூரிகள் ஒரு பிரிவு. வெளியூர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தேர்வுக் குழு. மாணவர் இவற்றுள் ஏதேனும் ஒரு குழுவுக்கு மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். அருகிலுள்ள குழுவுக்கு விண்ணப்பிப்பது நலம் என்பது அரசின் அறிவுரை. நேர்முகத் தேர்வுக்கென 75 மதிப்பெண் தனியே இருந்தது.

இந்த வட்டாரத்து மாணவன் ஒருவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். வடக்கே மதுரை மருத்துவக் கல்லூரி; தெற்கே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம். எங்கே போட்டி குறைவு என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. மதுரைக்கு எழுதித் தோற்றவன், அதே மதிப்பெண்ணோடு திருநெல்வேலியில் வென்றிருக்கக்கூடும். பெரியகருப்பன் வழக்கில் உச்சநீதிமன்றம் இக்குறையைச் சுட்டிக்காட்டிப் பிரிவுவாரித் தேர்வைத் தவறென அறிவித்தது. ஆயினும் ஒரு விண்ணப்பத்தில் எதிர்காலம் முழுவதையும் பணயம் வைக்க வேண்டியிருந்த அந்த அனுபவம் மக்கள் மனத்தில் ஒரு பாடத்தைப் பதித்துவிட்டது. 'கைக்கு எட்டுவதை எழுது. எட்டாததை எழுதிக் கெட்டுப் போகாதே' என்பதே அப்பாடம். அன்றைய முறைக்கு அது பொருத்தமான பாடமே.

அதே காலத்தில் கடல் கடந்த இலங்கையில் தமிழ் மொழியில் பயின்றோர் வேறொரு சோதனைக்கு உள்ளாயினர். 1971இல் அங்கே மொழிவாரித் 'தரப்படுத்தல்' புகுத்தப்பட்டது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மாணவர் 400க்கு 229 பெற்றால் போதும்; தமிழ் மொழி மாணவர் 250 பெற வேண்டும் என்றாயிற்று. தமிழில் பயின்ற முஸ்லிம் மாணவரும் அவருள் அடங்குவர். 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது; கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு அது வாயில் திறந்தது; யாழ்ப்பாணத்துக்கு வாயிலைக் குறுக்கியது. எண் ஒன்றே ஆயினும், எந்த விதியின் கீழ் அது எண்ணப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நுழைவுத் தேர்வின் காலம்

தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிற்று. அதன் முதல் பொதுத் தேர்வு 1980இல் நடந்தது. 1984-85ஆம் கல்வியாண்டில் எம்.ஜி.ஆர். அவர்களின் அரசு தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. மேல்நிலைத் தேர்வின் உரிய பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300 என்னும் கணக்கு அக்காலப் பெற்றோர் நாவில் புழங்கியது. 'கட்-ஆஃப்' என்னும் சொல் பட்டிதொட்டியெங்கும் பரவியதும் அப்போதுதான்.

அதே 1984ஆம் ஆண்டில்தான் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றின. கிருட்டிணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும், சிவகாசியில் மெப்கோ கல்லூரியும் அவ்வாண்டில் எழுந்தவை. நம் சமுதாயப் பெருமக்கள் வண்டலூரில் கிரசென்ட் கல்லூரியையும், கீழக்கரையில் முகம்மது சதக் கல்லூரியையும் நிறுவியதும் அதே ஆண்டில்தான். அதுவரை மதுரைக்கோ காரைக்குடிக்கோ கோவைக்கோ கிண்டிக்கோ செல்ல வேண்டியிருந்த மாணவனுக்கு, வீட்டிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலேயே பொறியியல் கல்வி வந்து சேர்ந்தது.

நுழைவுத் தேர்வு சிற்றூர் மாணவர்க்குத் தடையாக உள்ளது என்னும் குரல் நாளடைவில் வலுத்தது. நகரங்களில் தனிப்பயிற்சி நிலையங்கள் பெருகின. செட்டியார்பட்டி போன்ற ஊர்களில் அவை ஏது? 2005இலும் 2006இன் தொடக்கத்திலும் அதனை நீக்க எடுத்த முயற்சிகளை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. பின்னர் முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, 2006இல் சட்டம் இயற்றப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2007இல் அது நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் பொறியியலுக்குக் கணக்கு 200 ஆயிற்று: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 90 பெற்ற மாணவிக்கு 92, 42, 45 எனக் கூட்டினால் 179 வரும். பிற பாடங்கள் எவ்வளவு உயர்ந்தாலும் இந்த எண்ணை உயர்த்தா.

மருத்துவத்தின் வரலாறு வேறு திசையில் சென்றது. 2017 முதல் நீட் தேர்வே அதற்கு அளவுகோல் ஆயிற்று. மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா, அளவுகோல் மாறிய அந்த ஓர் ஆண்டில் இடம் இழந்தார். உச்சநீதிமன்றம் வரை சென்றும் பயன் விளையவில்லை. 2017 செப்டம்பரில் நேர்ந்த அவர் மறைவு தமிழகத்தை உலுக்கியது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியலுக்கும் விரிந்தது.

ஒற்றைச் சாளரம்

விண்ணப்பிக்கும் முறையில் பெரிய மாற்றம் 1997இல் நிகழ்ந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு தொடங்கிற்று. ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை, மாநிலம் முழுவதுமுள்ள கல்லூரிகள். மாணவர் தம் முறை வரும் நாளில் கலந்தாய்வு மண்டபத்துக்குச் சென்று, திரையில் எஞ்சியிருக்கும் இடங்களைக் கண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மதுரையா நெல்லையா என்று குருட்டாம்போக்கில் பணயம் வைக்க வேண்டிய நிலை ஒழிந்தது.

2018இல் இம்முறை மேலும் மாறிக் கணினி வழிக் கலந்தாய்வாயிற்று. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதனை நடத்தி வருகிறது. மண்டபத்தில் எஞ்சிய இடத்தைக் கண்டு தேர்ந்த மாணவர், இப்போது வீட்டிலோ உதவி மையத்திலோ இருந்து, தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் முன்னுரிமை வரிசையில் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

கணினி செய்யும் வேலை எளியது. தரவரிசையில் முதலில் நிற்பவரின் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை அவருக்கு அளிக்கிறது. பின்னர் அடுத்தவரின் பட்டியலை எடுக்கிறது. ஒருவர் தம் பட்டியலின் தலையில் எட்டாத கல்லூரிகள் பத்தினை எழுதியிருந்தாலும், பதினோராவதாக எழுதிய இடம் அதனால் அவர் கையைவிட்டுப் போவதில்லை. அவர் முறை வரும்போது அது காலியாக இருந்தால் அவருக்கே கிடைக்கும். எத்தனை இடங்களையும் எழுதலாம். எழுதுவதற்குச் செலவும் இல்லை.

இங்கேதான் 1970இன் பாடம் நம்மைத் தவறான வழியில் செலுத்துகிறது. 'எட்டாததை எழுதிக் கெட்டுப் போகாதே' என்பது ஒரே ஒரு விண்ணப்பம் போடக்கூடிய காலத்துக்குரிய எச்சரிக்கை. பட்டியல் எழுதும் காலத்தில் அது வீண் அச்சமே ஆகும். இன்று கெடுவது எட்டாததை எழுதியவன் அல்லன். எட்டக்கூடியதை எழுதாமல் விட்டவனே.

மூன்றரை விழுக்காடு

1951இல் மறைந்த தனிப் பங்கு, 56 ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் திரும்பியது. 2007 செப்டம்பர் 15 முதல் பிற்பட்ட வகுப்பினருக்குரிய 30 விழுக்காட்டினுள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள், தக்காணி முஸ்லிம்கள், அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதற்குரியர். அதனால் கலந்தாய்வின் கடந்த ஆண்டுப் பட்டியல்களில் நமக்கெனத் தனிப் பத்தி ஒன்று அமைந்துள்ளது. அப்பத்தியைப் படிக்கத் தெரிந்துகொள்ளல் நம் கடமை.

முதலாவதாக, 69 விழுக்காடு நீங்கலாக உள்ள 31 விழுக்காடு பொதுப் போட்டிக்கு உரியது. அது முற்பட்ட வகுப்பாருக்கென ஒதுக்கப்பட்டது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னமும் உளர். அது தவறு. தரவரிசை இடங்கொடுத்தால் எவ்வகுப்பாரும் அதில் இடம் பெறலாம். ஆகவே நம் பிள்ளைகள் இரு பத்திகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒரு சிறு கணக்கு. ஒரு பாடப்பிரிவில் 60 இடங்கள் உள்ளன என்று கொள்வோம். அரசுக் கல்லூரியாயின் அதில் 3.5 விழுக்காடு ஏறத்தாழ 2 இடங்கள். சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரியாயின் 65 விழுக்காடு, அதாவது 39 இடங்களே கலந்தாய்வுக்கு வரும், அதில் 3.5 விழுக்காடு ஏறத்தாழ 1 இடம். சென்ற ஆண்டு அந்த ஓரிடத்தை 185 பெற்றவர் எடுத்திருக்கலாம். அதற்கு முந்திய ஆண்டு 160 பெற்றவர் எடுத்திருக்கலாம். பல இடங்கள் கொண்ட பத்தியில் இறுதி மதிப்பெண் ஓரளவு நிலையாக நிற்கும். ஓரிடமே உள்ள பத்தியில் அது ஒரே ஒரு மனிதரின் மதிப்பெண். அவர் அவ்வாண்டு அக்கல்லூரியை விரும்பினார் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அதனைக் கண்டு 179 பெற்ற மாணவி 'நமக்குக் கிடைக்காது' என்று பேனாவை மூடிவைத்துவிட்டால், செண்பகம் துரைராசன் மனுப் போடாமல் விலகிய கதையே திரும்பவும் நடந்ததாகும். நீதிமன்றத்தில் முறையிடவும் அப்போது வழியிராது. எழுதாத இடத்தைத் தரக் கணினிக்குத் தெரியாது. நிரம்பாத இடமும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

பட்டியலை எழுதும் முறை

வரலாறு கற்பிப்பனவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

கடந்த ஓராண்டின் இறுதி மதிப்பெண்ணை மட்டும் பாராமல், மூன்று ஆண்டுகளின் மதிப்பெண்களை வைத்து, அவற்றின் உச்சத்தையும் தாழ்வையும் குறித்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணே நம்பத்தக்கது. வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோர் மதிப்பெண்ணும் ஏறும். அப்போது 179க்குச் சென்ற ஆண்டிருந்த மதிப்பு இவ்வாண்டு இராது. பொதுத் தரவரிசை, வகுப்புத் தரவரிசை ஆகிய இரண்டும் மாணவருக்கு அறிவிக்கப்படுகின்றன. அவற்றைச் சென்ற ஆண்டுகளின் வரிசை எண்களோடு ஒப்பிடுக.

பட்டியலை விருப்ப வரிசையில் எழுதுக. கிடைக்கும் வாய்ப்பின் வரிசையில் எழுதற்க. மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே எழுதியது பார்க்கப்படாது. ஆகவே சேர விரும்பாத இடத்தை மேலே எழுதுவதும் பிழை. தலைப்பில் கனவுகள் சில; நடுவில் தரவரிசைக்கு ஒத்தவை பல; அடியில் எந்நிலையிலும் கிடைக்கக்கூடியவை சில என அமைந்த நீண்ட பட்டியலே நல்ல பட்டியல்.

குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத மாணவர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. ஒற்றைச் சாளரத்தின் வழியே சேர்ந்தவர்க்கே அது கிடைக்கும். 'கலந்தாய்வு எதற்கு? நேரே கல்லூரியில் பணம் கட்டிவிடுவோம்' என்று அவசரப்படும் தந்தையர் இதனைக் கருத வேண்டும்.

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம் முதலிய மத்திய நிறுவனங்களுக்குப் பட்டியல் வேறு. வகுப்புப் பத்தியும் வேறு. அங்கே முஸ்லிம்களுக்கெனத் தனிப் பத்தி இல்லை. இதர பிற்பட்டோருக்குரிய 27 விழுக்காட்டினுள் போட்டியிட வேண்டும். தம் பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, வருமான வரம்பு குறித்த சான்றையும் முன்கூட்டியே பெற்று வைத்திருத்தல் வேண்டும். மாநிலச் சான்றிதழ் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவதால் பயனில்லை.

தனியார் கலை அறிவியல் கல்லூரிகளில் மட்டும் பழைய முறையே பெரிதும் நீடிக்கிறது. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்றவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி நாள், தனிக் கட்டணம். அங்கே 1970இன் எச்சரிக்கை இன்றும் பொருந்தும். பத்துக் கல்லூரிகளுக்கு அலைய இயலாது; ஆகவே நான்கைந்தை எண்ணித் தேர்ந்தெடுத்து, அவற்றுள் ஒன்றேனும் ஐயமின்றிக் கிடைப்பதாக இருக்குமாறு பார்த்துக்கொள்க. கலந்தாய்வில் துணிவு, தனி விண்ணப்பத்தில் கணிப்பு. இரண்டையும் மாற்றிச் செய்வதாலேயே பல பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு வீணாகிறது.

மதிப்பெண் பெறுவது மாணவரின் உழைப்பு. பட்டியல் எழுதுவதோ குடும்பத்தின் அறிவையும் சுற்றத்தின் துணையையும் வேண்டுவது. படித்தவர் நிறைந்த வீட்டில் அத்துணை தானே அமையும். நூற்பாலைத் தொழிலாளி வீட்டிலும், தையல் எந்திரத்தின் முன் நாளெல்லாம் அமர்ந்திருக்கும் தாயின் வீட்டிலும் அதனை நாம்தான் அமைத்துத்தர வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் மாதத்தில், ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர் நால்வர் கூடி, மூன்றாண்டுப் பட்டியல்களை வைத்துக்கொண்டு மாலைதோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்தால் போதும். இதற்குக் கட்டடம் வேண்டா. நன்கொடை வசூல் வேண்டா.

பதினான்கில் ஓரிடம் அரசாணையால் வந்தது, தீர்ப்பால் போயிற்று. மூன்றரை விழுக்காடு சட்டத்தால் வந்தது. அதைத் தீர்ப்பு எதுவும் இதுவரை பறிக்கவில்லை. நம் தயக்கத்தால் அதை நாமே இழந்துவிடாதிருப்போமாக.